பழைய அமெரிக்கப் பேனாக்கத்தி: ஊரையும் தரத்தையும் எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "ஒஹாயோவில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் யாரோ பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்கள். மஞ்சள் பிடி போட்ட, மூன்று அலகு உள்ள பேனாக்கத்தி ஒன்றை எட்டு டாலருக்கு வாங்கினேன். 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' என்று அடித்திருக்கிறது, கீழே 'யு.எஸ்.ஏ.', அதற்கும் கீழே எட்டுப் புள்ளிகள். மறுபக்கம் 3318 என்ற எண். ஏற்கெனவே கடையில் புதிதாக வாங்கிய 'ஷ்ரேட் ஓல்டு டைமர்' ஒன்றும் இருக்கிறது. அதில் யு.எஸ்.ஏ. என்ற எழுத்தே இல்லை. எது அசல் அமெரிக்கக் கத்தி? எது நல்ல கத்தி? இனி ஒன்று வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது?"

ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள், ஆனால் இதில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்தது என்பது ஒன்று. நன்றாகச் செய்ததா என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் பெரும்பாலானவர்கள் முதல் ஐந்து வருடம் பணத்தை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு எழுத்து உதவாது. கையும் காதும் கண்ணும்தான் வேண்டும்.

மஞ்சள் கத்தியை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் சொன்ன முத்திரை சரியாக இருந்தால் அது 1972-இல் பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டில் செய்தது. எட்டு டாலருக்கு அதை யார் கொடுத்தார்களோ, நல்ல மனசு.

எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது? அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை டேங் என்பார்கள். கம்பெனி முத்திரை அங்கேதான் இருக்கும். கேஸ் கம்பெனி அந்த முத்திரையை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1920 முதல் 1940 வரை 'கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்'. 1940-லிருந்து 1964 வரை வெறும் 'கேஸ் எக்ஸ் எக்ஸ்'. 1965-இல் அடியில் 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970-இல் அதற்கும் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தார்கள். 1971-க்கு ஒன்பது, 1972-க்கு எட்டு, இப்படியே 1979-இல் ஒன்று. 1980-இல் மறுபடி பத்தில் ஆரம்பித்தபோது, பழையதோடு குழம்பாமல் இருக்கப் புள்ளிகளின் இடத்தையும் 'எஸ்' எழுத்தின் வடிவத்தையும் மாற்றினார்கள். அந்த எஸ் மின்னல் வெட்டு மாதிரி கோணலாக இருக்கும்.

புள்ளி வைத்த செய்தி பரவியதும் நடந்தது வேடிக்கை. புள்ளி இல்லாத கத்திகள் இனி வராது என்று தெரிந்து, ஊர் ஊராகப் போய் இரும்புக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்த பழைய சரக்கையெல்லாம் அள்ளினார்கள். வேலைக்காக வாங்கிய சாமான் சேகரிப்புப் பொருளாக மாறியதில் அந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் அந்த 3318. அது வெறும் மாடல் எண் இல்லை. கேஸ் கணக்கில் முதல் இலக்கம் பிடியின் பொருள்: 6 என்றால் எலும்பு (அல்லது எலும்பு மாதிரி), 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பொருள், 2 என்றால் கறுப்பு. இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மீதி, வடிவத்தின் எண். ஆக 3318 என்றால் மஞ்சள் பிடி, மூன்று அலகு, 18-ஆம் வடிவம். அந்த வடிவம் நடுத்தர அளவு ஸ்டாக்மேன். 6254 என்று பார்த்தால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54-ஆம் வடிவமான டிராப்பர் என்று நீங்களே படித்துவிடலாம். எண்ணுக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. எண் 6 என்று ஆரம்பித்து, பிடி மான்கொம்பாக இருந்தால் யாரோ பின்னால் பிடியை மாற்றியிருக்கிறார்கள். எண் இரண்டு அலகு என்று சொல்லி, கையில் ஒன்றுதான் இருந்தால் ஒன்று உடைந்து கழற்றியிருக்கிறார்கள். எண்ணும் கத்தியும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் சோதனை. செலவில்லாத சோதனை.

ஸ்டாக்மேன் என்பது மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கான வடிவம். நீளமான கிளிப் அலகு பொது வேலைக்கு. முனை மழுங்கி நேர்க்கோட்டில் வெட்டும் ஷீப்ஃபுட் அலகு இன்னொன்று. மூன்றாவது வழக்கமாக ஸ்பே அலகு, கன்றுகளுக்குக் காயடிக்க. அதன் முனை வட்டமாக இருப்பது தவறிக் குத்தாமல் இருக்கத்தான். சில வகைகளில் ஸ்பேக்குப் பதிலாகச் சின்னப் பென் அலகு வைத்திருப்பார்கள், உங்களுடையதில் எது என்று பாருங்கள். மஞ்சள் நிறம் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். புல்லில் விழுந்தால் கண்ணில் படும், அதனால்தான் பண்ணைக்காரர்களுக்கும் கண்ணி வைப்பவர்களுக்கும் அது பிடித்துப்போனது.

'எக்ஸ் எக்ஸ்' என்னவென்றும் சிலர் கேட்பார்கள். சூடேற்றிக் கடினப்படுத்துவது, பிறகு உடையாமல் இருக்க மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது என்று இரண்டு முறை உலை வேலை முடிந்ததற்கான அடையாளம் என்று கம்பெனி சொல்கிறது.

இப்போது ஓல்டு டைமர். ஷ்ரேட் கம்பெனி 1904-இல் நியூயார்க் மாநிலத்து வால்டனில் தொடங்கியது. பிற்காலத்தில் இம்பீரியல் ஷ்ரேட் என்ற பெயரில் அதே மாநிலத்தில் எல்லன்வில் என்ற சிற்றூரில் பெரிய தொழிற்சாலை நடத்தியது. ஓல்டு டைமர், அங்கிள் ஹென்றி இரண்டும் அதன் வரிசைகள். அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே அப்பா வாங்கிக் கொடுத்த முதல் கத்தி ஓல்டு டைமர்தான். 2004 கோடையில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெயரை வேறு கம்பெனி வாங்கியது, கத்தி சீனாவில் செய்து வர ஆரம்பித்தது. எல்லன்வில்லில் செய்த ஓல்டு டைமரின் டேங்கில் ஷ்ரேட் என்பதோடு யு.எஸ்.ஏ.வும், '8ஓடி', '34ஓடி' என்பது மாதிரி மாடல் எண்ணும் சேர்ந்து இருக்கும். அதற்கும் பழையதில் 'ஷ்ரேட் வால்டன்' என்று இருக்கும். புதிதாகக் கடையில் வாங்கினேன், யு.எஸ்.ஏ. இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது 2004-க்குப் பிந்தியது, வெளிநாட்டில் செய்தது. அசல் ஓல்டு டைமர்தான், போலி இல்லை. அமெரிக்கக் கத்தி இல்லை, அவ்வளவுதான். 'அசல்' என்ற சொல் இங்கே ஆளை ஏமாற்றும்.

ஆனால் 'யு.எஸ்.ஏ. இல்லையென்றால் அமெரிக்கக் கத்தி இல்லை' என்று விதியாக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். 1950-களின் கேஸ் கத்தியில் யு.எஸ்.ஏ. கிடையாது. தன் நாட்டில் செய்து தன் நாட்டிலேயே விற்பவனுக்கு நாட்டுப் பெயர் போடும் அவசியம் இல்லை. அவன் ஊர்ப் பெயர் போடுவான்: வால்டன், லிட்டில் வேலி, பிராட்ஃபோர்டு. நாட்டுப் பெயர் போட வேண்டிய கட்டாயம் வெளியிலிருந்து வரும் சரக்குக்குத்தான். 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, 1891-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று அடித்த கத்தி கையில் கிடைத்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். இன்றைய சுங்க விதிகளில் கத்தி, கத்தரிக்கோல் போன்றவற்றுக்குத் தனி ஏற்பாடே இருக்கிறது: ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது, அழியாதபடி அடித்தோ செதுக்கியோ இருக்க வேண்டும். ஆக, புதுக் கத்தியில் எந்த நாட்டுப் பெயரும் கண்ணில் படவில்லை என்றால் இன்னொரு தடவை தேடுங்கள். எல்லா அலகுகளையும் திறந்து, டேங்கின் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிகச் சின்ன எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கும்.

டேங்கில் உள்ள பெயர் செய்தவனின் பெயரா என்பது அடுத்த சிக்கல். நூறு வருடத்துக்கு முன்பே அது அப்படி இல்லை. செயின்ட் லூயியின் சிம்மன்ஸ் என்ற இரும்புச்சாமான் மொத்த வியாபாரி 'கீன் கட்டர்' என்று தன் பெயரில் விற்றான், அதே ஊரின் ஷாப்லீ 'டயமண்ட் எட்ஜ்' என்று விற்றான். செய்து கொடுத்தது வெவ்வேறு தொழிற்சாலைகள். சியர்ஸ் கடையின் 'கிராஃப்ட்ஸ்மேன்' கத்திகளும் அப்படித்தான், ஷ்ரேட்டும் கமிலஸ் என்ற இன்னொரு தொழிற்சாலையும் செய்து கொடுத்தன. பக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 110 என்ற பூட்டுக் கத்தியால் 1960-களில் பெயர் வாங்கியது. அதன் சின்னப் பேனாக்கத்திகளான 300 வரிசையை முதலில் பக் தானே செய்யவில்லை, ஷ்ரேட்டிலும் கமிலஸிலும் செய்து வாங்கியது. பின்னால்தான் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் நகைக்கடைப் பெட்டியில் கடைக்காரர் பெயர் இருக்கும், செய்த ஆசாரியின் பெயர் இருக்காது. அந்த மாதிரிதான்.

பெயர்கள் செத்தும் சாகாமல் இருப்பது இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. கமிலஸ் 2007-இல் மூடியது. அமெரிக்க ராணுவத்துக்கு எண்ணற்ற கத்திகள் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. பெயரை வேறொருவர் வாங்கினார். ரெமிங்டன் 1920-லிருந்து 1940 வரை கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் கத்தி செய்தது. பிடியில் துப்பாக்கித் தோட்டா வடிவச் சின்னம் பதித்த அதன் கத்திகளுக்கு இன்றும் விலை எகிறும். 1980-களில் அதே பெயரில், அதே வடிவில் மறுபதிப்புகள் வந்தன. அவையும் மோசமில்லை, ஆனால் 1930-களின் விலைக்கு அவற்றை வாங்கக் கூடாது. வின்செஸ்டரும் இதே கதை. கடையில் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் வின்செஸ்டர் கத்திக்கும், 1920-களில் நியூ ஹேவனில் செய்த வின்செஸ்டருக்கும் பெயர் மட்டும்தான் பொது.

வரைபடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். வால்டன், எல்லன்வில், கமிலஸ், லிட்டில் வேலி, ஓலியன் எல்லாம் நியூயார்க் மாநிலம். பிராட்ஃபோர்டும் டைட்டஸ்வில்லும் மாநில எல்லை தாண்டி பென்சில்வேனியாவின் வடமேற்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த கொல்லர்களும் கத்தி தீட்டுபவர்களும் தொடக்கத்தில் இந்தத் தொழிலைக் கொண்டுவந்தார்கள். ஓடைத் தண்ணீர் சக்கரம் சுற்றியது, இறக்குமதி வரி போட்டியைத் தடுத்தது. ஒரு தொழிற்சாலையில் கோபித்துக்கொண்டு வெளியேறியவன் அடுத்த ஊரில் இன்னொன்று தொடங்கினான். டைட்டஸ்வில்லில் ஷாட் அண்ட் மார்கன் கம்பெனியின் மேஸ்திரிகள் சிலர் முதலாளி கண்ணில் படாமல் உதிரிப் பாகங்களில் தனியாகக் கத்தி செய்து விற்றார்கள், மாட்டிக்கொண்டு வேலை போனதும் 1922-இல் குயீன் சிட்டி என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஏறக்குறைய பத்து வருடத்தில் பழைய முதலாளியின் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். அந்த குயீனும் 2018 வாக்கில் மூடியது. அதே டைட்டஸ்வில்லில் 2006-இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் இன்று நடக்கிறது. பிராட்ஃபோர்டில் கேஸ் நடக்கிறது, 1993-லிருந்து அதே ஊரின் ஜிப்போ லைட்டர் கம்பெனியின் கையில். ஐடஹோவில் பக், அலபாமாவில் பேர் அண்ட் சன். பழைய பாணியில் அமெரிக்காவிலேயே செய்யும் பெரிய கைகள் இவ்வளவுதான்.

நான் பணம் விட்ட கதை இப்போது. பல வருடத்துக்கு முன் ஒரு கத்திக் கண்காட்சியில் 1930-கள் என்று சொல்லி ஒருவர் காட்டினார். பெரிய பெயர், எழுத்து பளிச்சென்று படிக்கும்படி இருந்தது. 180 டாலர் கொடுத்தேன். அடுத்த மேசையில் இருந்த ஒரு கிழவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். டேங் முழுக்கத் துருவால் வந்த சின்னச் சின்னக் குழிகள். எழுத்தோ அந்தக் குழிகளை வெட்டிக்கொண்டு சுத்தமாகப் போயிருந்தது. அதாவது துருப்பிடித்த பிறகு அடித்த எழுத்து. உண்மையிலேயே பழைய முத்திரையாக இருந்தால் துரு எழுத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். விற்றவர் மேசையைக் காலி செய்துகொண்டு அதற்குள் போயிருந்தார். அன்றிலிருந்து பெயரைப் படிப்பதற்கு முன்னால் பெயரைச் சுற்றி இருக்கும் இரும்பைப் பார்க்கிறேன்.

முழுப் போலியைவிட அதிகமாகக் கண்ணில் படுவது ஒட்டுக் கத்திகள். இரண்டு உடைந்த கத்தியிலிருந்து ஒன்று செய்வது. மூடிய தொழிற்சாலைகளின் மிச்ச உதிரிகளும் ஏலத்தில் வெளியே போயின, அவற்றைக் கோர்த்து விற்றவர்கள் உண்டு. அலகு மாற்றினால் போல்ஸ்டர் பக்கம் தெரிந்துவிடும். போல்ஸ்டர் என்பது பிடியின் இரு முனையிலும் இருக்கும் உலோகக் கட்டை. கீல் ஆணி அதன் வழியாகப் போகிறது. தொழிற்சாலையில் அந்த ஆணியை போல்ஸ்டரோடு சேர்த்துத் தட்டித் தேய்த்துவிடுவார்கள், ஆணி இருக்கும் இடமே தெரியாது. யாராவது பின்னால் கழற்றி மறுபடி அடித்திருந்தால் அங்கே வட்டம் ஒன்று தெரியும், சுற்றிலும் சுத்தியல் தழும்பு இருக்கும். வட்டம் தெரிவதெல்லாம் குற்றமில்லை, வருடக்கணக்கில் உழைத்த கத்தியிலும் தெரியலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், அல்லது அலகு பளபளப்பாகவும், முதுகில் அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கறுத்தும் இருந்தால், கேள்வி கேளுங்கள்.

இதுவரை பார்த்ததெல்லாம் ஊரும் காலமும். தரத்தைப் பார்க்க முதலில் பெயரை மறந்துவிட்டுக் கத்தியை மூடிய நிலையில் சன்னலுக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் அதை அணைத்திருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா? நல்ல வேலையில் கசியாது. மலிவான வேலையிலும் அவசர வேலையிலும் மயிரிழைக் கோடு தெரியும். விரலை முதுகில் ஓட்டுங்கள். ஸ்பிரிங் பிடியோடு சமமாக இருக்கிறதா, மேலே துருத்துகிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா? அலகைத் திறந்து மறுபடி ஓட்டுங்கள். மூடியபோதும் திறந்தபோதும் சமமாக இருப்பது சாதாரணச் சாதனை இல்லை, டேங்கின் இரண்டு முகங்களையும் ஒருவர் பொறுமையாகத் தேய்த்து ஒப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். பாதி திறந்த நிலையிலும் சமமாக இருந்தால் அது கை தேர்ந்த வேலை.

இந்தக் கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. முதுகில் இருக்கும் ஸ்பிரிங் டேங்கை அழுத்திப் பிடிப்பதால் மட்டுமே அலகு நிற்கிறது. அதனால் எல்லாமே அந்த அழுத்தத்தில் இருக்கிறது. சேகரிப்பவர்கள் நடையும் பேச்சும் என்ற பொருளில் 'வாக் அண்ட் டாக்' என்பார்கள். அலகு போகும் சீர் நடை. கடைசியில் கேட்கும் 'டக்' பேச்சு. மெதுவாகத் திறக்கும்போது நடுவில் கரகரவென்று தேய்ந்தால் உள்ளே மண்ணோ துருவோ இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது தடவை திறந்து மூடியபின் மறுபடி பாருங்கள், அதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முடியும்போது சத்தமே இல்லாமல் சோர்ந்து போய் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் முதலிலேயே மோசமான பதம். மறுகோடியும் உண்டு: நகம் பிய்ந்துபோகும் அளவுக்கு இறுக்கம். அதைப் பெருமையாகச் சொல்பவர்களை எனக்குப் புரிவதில்லை. பழம் நறுக்க எடுக்கும் கத்தியோடு மல்யுத்தம் செய்ய வேண்டியதில்லை.

பாதியில் ஒரு தடவை 'டக்' என்று நின்று, பிறகு தொடர்ந்து திறந்தால் அதற்கு ஹாஃப் ஸ்டாப் என்று பெயர். டேங் சதுரமாக இருப்பதால் வருவது. இருப்பதும் இல்லாததும் வடிவமைப்பைப் பொறுத்தது, குறை இல்லை. உங்கள் ஸ்டாக்மேனில் இன்னொன்றும் கவனிப்பீர்கள். மூன்று அலகுக்கு இரண்டே ஸ்பிரிங், ஆக இரண்டு அலகுகள் ஒரே ஸ்பிரிங்கின் இரு முனையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைப் பாதி திறந்தால் மற்றது தளர்ந்த மாதிரி இருக்கும். அது பழுது இல்லை, பொறிமுறை அப்படி.

அடுத்து ஆட்டம். அலகை முழுதாகத் திறந்து, முனையை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசையுங்கள். புதுக் கத்தியில் ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐம்பது வருடக் கத்தியில் கொஞ்சம் ஆடினால் மன்னிக்கலாம், விலையில் குறைத்துக்கொண்டு. பிறகு மூடிவிட்டு அலகின் முதுகை உள்ளே அழுத்துங்கள். 'டிக்' என்று இரும்பு இரும்பில் படும் சத்தம் கேட்டால் கூர் போய் ஸ்பிரிங்கில் மோதுகிறது. கூரின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பல் விழும். டேங்கின் அடியில் இருக்கும் சின்னத் திமில் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது, அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் இந்த நோய் வரும். கடையில் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

பல அலகுக் கத்தியில் அலகுகள் நட்டநடுவே நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒன்றையொன்று தாண்டிப் போவதற்காக அவற்றை வேண்டுமென்றே லேசாக வளைத்திருப்பார்கள். தாண்டும்போது ஒன்று மற்றதன் பக்கத்தில் கோடு கிழிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய கத்தி என்றால் அலகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் பாதி விலை. சாணைச் சக்கரத்தில் கொடுத்துக் கொடுத்துப் பாதி அகலம் போயிருக்கும், விற்பவர் 'நல்ல கூர்' என்பார். மூடிய நிலையில் அலகின் முனை பித்தளைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு பாக்கெட்டைக் குத்தினால் எங்கோ தப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். அதேபோல் அதிகமாகப் பளபளக்கும் பழைய கத்தியைப் பார்த்தால் எனக்குப் பயம். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் துருவோடு சேர்ந்து முத்திரையின் விளிம்பும் போல்ஸ்டரின் மூலையும் உருகின மாதிரி ஆகிவிடும், விலையும் அதோடு போகும்.

பிடியைப் பற்றி. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து போல்ஸ்டரில் வையுங்கள். நிக்கல் சில்வர் என்ற கலவையில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். காந்தம் ஒட்டாது, பழசானால் லேசாக மஞ்சள் தட்டும். ஒட்டினால் அது இரும்பு. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்து இம்பீரியல், கலோனியல் கம்பெனிகள் மெல்லிய தகட்டை மடித்துக் கூடு மாதிரிப் பிடி செய்து, மிக மலிவாக ஏராளமாக விற்றன. அசல் அமெரிக்கக் கத்திகள்தான் அவை. எடுத்துப் பாருங்கள், கையில் கனமே இருக்காது. யு.எஸ்.ஏ. என்ற முத்திரை தரத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எலும்புப் பிடி மாட்டின் கால் எலும்பிலிருந்து வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய கரும்புள்ளிகள், கோடுகள் தெரியும். அவை எலும்புக்குள் ரத்தக் குழாய் ஓடிய வழிகள். பிளாஸ்டிக்கில் அது வராது. 1960-இல் டூபான்ட் கம்பெனி டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு எலும்பு மாதிரியே செதுக்கிய டெல்ரின் பிடிகள் பரவின. ஓல்டு டைமரின் அந்தப் பழுப்புப் பிடி அதுதான். உழைப்புக்கு அது எலும்பைவிட மேல், விரிசல் விடாது. சூடான ஊசியால் தொட்டால் எலும்பு மயிர் கருகிய நாற்றம் அடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நல்ல கத்தியில் ஓட்டை போட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்?

மான்கொம்பு என்றால் நம் ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அமெரிக்காவும் விரும்பி வாங்கியது இந்தியக் கடமான் கொம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா என்று சொல்கிறோமே, அதேதான். உள்ளே பஞ்சு மாதிரித் துளை குறைவு, ஓடு கெட்டி. 1990-களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நல்ல கொம்புப் பிடியின் விலை ஏறியது ஏறியதுதான்.

செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் பிடி போட்ட பழைய கத்தி கிடைத்தால் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். அது அழுகும்போது விடும் ஆவி, பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் அரித்துவிடும்.

ஸ்டீல் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது, எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. காந்தம் இங்கே உதவாது, கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும். ஊரில் அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கினால் இரும்பு கறுக்குமே, அதே சோதனைதான். கார்பன் ஸ்டீல் என்றால் ஒரு மாங்காயோ ஆப்பிளோ நறுக்கிப் பத்து நிமிடம் விட்டால் நீலச் சாம்பல் படலம் வரும். அந்தப் படலம் கெடுதல் இல்லை, செம்பழுப்புத் துருவுக்கு அது ஓரளவு தடுப்பு. கிரேட் ஈஸ்டர்ன் பெரும்பாலும் 1095 என்ற சாதாரணக் கார்பன் ஸ்டீல்தான் பயன்படுத்துகிறது, ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் பதப்படுத்துவதில் இருக்கிறது. சோம்பேறிக்குத் துருப்பிடிக்காதது நல்லது, கல்லில் தீட்டுவதில் சுகம் காண்பவருக்குக் கார்பன்.

சீனக் கத்திகளைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், ஆனால் ஓல்டு டைமரை வைத்துக்கொண்டு மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். டென்னசியின் ஒரு பெரிய கடைக்காரர் விற்கும் ரஃப் ரைடர் என்ற சீனக் கத்தி ஒன்றை நான்கு வருடமாகப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். எலும்புப் பிடி, இடைவெளி இல்லை, நடையும் பேச்சும் கச்சிதம். அதைப்போல ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஒரு அமெரிக்கக் கத்தி, பெயர் வேண்டாம், ஸ்பிரிங் துருத்திக்கொண்டும் வெளிச்சம் கசிந்தும் வந்தது, திருப்பி அனுப்பினேன். ஒப்பிட்டால் ரஃப் ரைடரின் குறை அலகில்தான். வேலை செய்தால் கூர் சீக்கிரம் மழுங்குகிறது. விலையோ நாளைக்கும் அதே விலைதான், ஏறாது. அமெரிக்கக் கத்திக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்கும், அங்கே இன்னும் வேலை பார்ப்பவர்களுக்கும், அந்தக் கதைக்கும் போகிறது. அது தப்பில்லை, நானும் கொடுக்கிறேன். தரத்துக்காகக் கொடுக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு கொடுக்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால், முதல் கத்திக்கு பிராட்ஃபோர்டு கேஸ் போதும். முடிந்தால் கடைக்கு நேரில் போய், ஒரே மாடலில் மூன்று எடுத்துக் காட்டச் சொல்லி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து ஒன்றைப் பொறுக்குங்கள். ஒரே நாளில் செய்த மூன்றிலும் வித்தியாசம் இருக்கும். கிரேட் ஈஸ்டர்ன் வேலை அதைவிட நுணுக்கம், ஆனால் குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் கடைக்கு வந்த நாளே தீர்ந்துவிடும், மறுவிற்பனைக்காரர்களிடம் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டி வரும். அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்.

உங்கள் 3318-ஐ யாரிடமும் சாணைக்குக் கொடுக்காதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரச் சோப்பு விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் உள்ளே இருக்கும் அழுக்கை எடுத்து, உடனே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து பிசுபிசுக்கும். பிறகு மூடிய நிலையில் மூன்று அலகின் முனைகளும் உள்ளே ஒளிகின்றனவா என்று பாருங்கள். ஒளிந்தால், எட்டு டாலருக்கு அந்தத் தெருவிலேயே நல்ல வியாபாரம் உங்களுடையதுதான்.